யாரு வீட்டுப் பையனுங்க?

அந்த மெயிலில் ஆங்கிலம் சரியாக இருந்தது. அதுவே படித்தவரை உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை.

அப்போது திருப்பூரில் ஒரு சிறிய பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் டாக்குமெண்டேஷன் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு சாமளாபுரம். மங்கலம் வழியாக தினமும் பைக்கில் போய்வருவேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பி.எல். நகல் எல்லாம் என் கையைத் தாண்டித்தான் போகும். பையரோடு பேச்சுவார்த்தை மட்டும் மெர்ச்சண்டைசருடையது. ஏழு வருடமாக அவர் அந்த ஐரோப்பியப் பெண்மணிக்கு 'டியர் சார்' என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு நாள் 'டியர் மேடம்' என்று தொடங்கி, ஒரு பிழையும் இல்லாமல், எங்கள் கணக்கில் ஆடிட் நடக்கிறது, இந்தத் தடவை பணத்தை வேறு கணக்குக்குப் போட்டுவிடுங்கள் என்று அவருக்கு ஒரு மெயில் போயிருக்கிறது. அடியில் புது வங்கி, புது ஸ்விஃப்ட் எண். பழைய மெயில்கள் அத்தனையும் கீழே வரிசையாகத் தொங்குகின்றன. அந்த அம்மா அனுப்பிவிட்டார். மூன்று வாரம் கழித்து, பணம் இன்னும் வரவில்லையே என்று நாங்கள் எழுதியபோதுதான் இரண்டு பக்கமும் விழித்துக்கொண்டது.

பின்னால் அவர் சொன்னது: "மேடம் என்று பார்த்ததும், பரவாயில்லை, யாரோ ஒருவழியாக அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்."

மெர்ச்சண்டைசரின் பாஸ்வேர்டு எப்படியோ வெளியே போயிருந்தது. போன கையோடு யாரும் திருடவில்லை. அவருக்கு வரும் மெயிலெல்லாம் இன்னொரு முகவரிக்கும் சேர்ந்து போகும்படி ஒரு ஏற்பாடு செய்துவைத்துவிட்டு, எவனோ வாரக்கணக்கில் உட்கார்ந்து வாசித்திருக்கிறான். எந்த ஸ்டைல், எத்தனை பீஸ், கண்டெய்னர் என்றைக்குக் கிளம்புகிறது, பணம் எப்போது விழும் என்பதெல்லாம் என்னைவிட அவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. இன்வாய்ஸ் போன மறுநாள்தான் வாயைத் திறந்தான். நீங்கள் சொன்ன இடத்துக்குத்தானே அனுப்பினோம் என்றது பையர் தரப்பு. சொன்னது நாங்கள் இல்லை என்றோம். கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிந்தது. ஆனால் வங்கிக்கு இந்தப் பாதிக்கணக்கெல்லாம் புரியாது. ஏற்றுமதியான ஒவ்வொரு சரக்குக்கும் பணம் வந்து சேர்ந்ததா என்று ரிசர்வ் வங்கியின் இ.டி.பி.எம்.எஸ். என்ற கணினிப் பேரேடு பார்த்துக்கொண்டே இருக்கும். திருடன் கொண்டுபோன தொகைக்கு எதிரே அந்த வரி மூடாமலே நின்றது. அதற்கு விளக்கம் எழுதி எழுதி நான் தேய்ந்ததைத் தனியாக ஒரு கதையாகவே எழுதலாம்.

எங்கள் டொமைன் பெயரில் ஓர் 'எம்' உண்டு. அந்த மெயில் வந்த முகவரியில் 'எம்' இருக்கவேண்டிய இடத்தில் 'ஆர்' ஒன்றும் 'என்' ஒன்றும் தோளோடு தோள் ஒட்டி நின்றன. கணினித் திரையில், அதிலும் கைபேசித் திரையில், இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அறுபது வயது தாண்டிய முதலாளியின் கண்ணால் முடியாது. என் கண்ணாலும் முடியவில்லை. பின்னர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறமாதிரி எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஓலைச்சுவடிதான் நினைவுக்கு வந்தது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று புள்ளியை விட்டுவிடுவார்கள். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே கீறப்பட்டிருக்கும். எகரமா ஏகாரமா என்பது படிப்பவர் பாடு. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்த உ.வே.சாமிநாதையர் இந்தக் கோடுகளோடுதான் மல்லுக்கட்டினார். அவர் ஒற்றை ஏட்டை நம்பி எதையும் முடிவுசெய்யவில்லை. வேறுவேறு ஊர்களிலிருந்து வந்த ஏடுகளை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தார். இந்த இடத்தில் இந்தச் சொல் வருமா என்று பொருளைக் கேட்டார். எங்கள் பையரிடம் இருந்தது ஒரே ஏடு, அதே மெயில் தொடர். ஒத்துப் பார்க்க இன்னொரு பிரதியாக எங்கள் ஆபீஸ் தொலைபேசி எண் அவரிடம் இருக்கத்தான் செய்தது.

சின்னக் கம்பெனி, அதனால்தான் ஏமாந்தீர்கள் என்று சொன்னவர்களுக்காக ஒன்று. 2015இல் ஓ.என்.ஜி.சி. நாப்தா அனுப்பிவிட்டு சவூதி அராம்கோவிடமிருந்து பணத்துக்குக் காத்திருந்தது. பணம், சுமார் 197 கோடி ரூபாய், வேறு கணக்குக்குப் போய்விட்டது. முகவரியில் 'என்'னும் 'ஜி'யும் இடம் மாறி, ஓ-ஜி-என்-சி என்று இருந்ததாம். உலகத்துக்கே மெயில் வசதி கொடுக்கிற கூகுளையும், கூடவே ஃபேஸ்புக்கையும், லிதுவேனியாக்காரர் ஒருவர் 2013 முதல் 2015 வரை பொய் இன்வாய்ஸ் அனுப்பியே 12 கோடி டாலருக்கு மேல் கறந்தார். அவர்கள் உண்மையாகவே சரக்கு வாங்கிக்கொண்டிருந்த தைவான் கம்பெனியின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்திருந்தார், அவ்வளவுதான். 2019இல் அவருக்கு ஐந்து வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்கு 2023இல் மட்டும் இந்த வகைத் திருட்டில் வந்த புகார்களின் இழப்பு 290 கோடி டாலர். இதையெல்லாம் படித்து எங்கள் முதலாளிக்குச் சொன்னேன். அவருக்கு ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

மின்னஞ்சல் எப்படி ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகவேண்டும் என்ற விதியை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் எழுதினார். இன்றும் அடிப்படையில் அதேதான். அதில் அனுப்புநர் என்ற இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அது அசட்டையால் நேர்ந்தது என்று நான் நினைக்கவில்லை. அன்றைக்கு அந்த வலையில் இருந்தவை சில நூறு கணினிகள். பல்கலைக்கழகங்கள், ஆய்வுக்கூடங்கள், ராணுவம். ஒரு கிராமம்போல. கிராமத்தில் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு குரல் வந்தால் 'நீ யார், சான்று காட்டு' என்று எவரும் கேட்பதில்லை. பிறகு அந்தக் கிராமத்துக்குள் உலகம் முழுக்கக் குடிவந்துவிட்டது. விதியை மட்டும் மாற்றவில்லை.

தபாலிலும் அப்படித்தானே. உறையின் பின்னால் நான் யார் பெயரை எழுதிப் போட்டாலும் பெட்டி வாங்கிக்கொள்ளும். எங்கள் ஊர்த் தபால்காரர் ஆளைப் பார்த்தது மணியார்டரில்தான், அதுவும் வாங்குகிறவரை. கைநாட்டு வைக்கிற ஆத்தாவாக இருந்தால் பக்கத்தில் நிற்கும் ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் நோட்டை எண்ணுவார். வங்கிகள் இந்தச் சின்ன மரியாதையைக் கற்றுக்கொள்ள வெகுகாலம் ஆகியிருக்கிறது. பல நாடுகளில் கணக்கு எண் சரியாக இருந்தால் போதும், பணம் போய்ச் சேர்ந்துவிடும். பெயர் பொருந்துகிறதா என்று பார்ப்பதில்லை. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் அனுப்பும் முன்பே பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் தரவேண்டும் என்று நம் ரிசர்வ் வங்கி சொன்னது. ஐரோப்பாவில் யூரோப் பணமாற்றத்துக்கு அதே ஆண்டு அக்டோபரில் இது கட்டாயமானது. ஆத்தாவின் கைநாட்டுக்குச் சாட்சி கேட்ட தபால்காரர் ஓய்வுபெற்று முப்பது வருடம் இருக்கும்.

மெயில் பக்கமும் பூட்டுகள் வந்திருக்கின்றன. எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்று மூன்று பெயர் சொல்வார்கள். அனுப்பும் கம்பெனியின் சர்வர் ஒவ்வொரு மெயிலிலும் ஒரு ரகசிய முத்திரையைக் குத்தும். அதைச் சரிபார்க்கும் சாவி எல்லோருக்கும் தெரியும்படி வெளியே மாட்டப்பட்டிருக்கும். 2024 பிப்ரவரியிலிருந்து, மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்கள் இவற்றை வைத்திருந்தே ஆகவேண்டும் என்று கூகுளும் யாஹூவும் கறாராகச் சொல்லிவிட்டன. நல்ல ஏற்பாடு. எங்கள் பெயரிலேயே எவனாவது எழுதினால் பிடித்துவிடும். ஆனால் எங்களுக்கு வந்தவன் எங்கள் பெயரில் எழுதவில்லை. 'எம்'முக்குப் பதில் 'ஆர்-என்' போட்டுத் தனக்கென்று ஒரு டொமைன் வாங்கி, அதற்கு முறையாக முத்திரையும் வைத்துக்கொண்டு எழுதினான். முத்திரை செல்லும். அவனே மெர்ச்சண்டைசரின் பெட்டிக்குள் இருந்தபடி எழுதியிருந்தாலும் செல்லும். எந்த வாசல் வழியாக வந்தது என்பதைத்தான் முத்திரை சொல்லும். வந்தது யார் என்று சொல்லாது.

இதை எங்கய்யனுக்கு விளக்கிச் சொன்னேன். அவருக்கு எங்கள் வீட்டை ஒட்டிய குடோனில் பன்னிரண்டு விசைத்தறிகள். கூலிக்கு நெய்கிறவர். உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் டெம்போவில் அனுப்புவார், இவர் கோரா துணியாகத் திருப்பி அனுப்புவார். நடுவில் இருப்பது ஒரு சிட்டை. சில நாள் அதுவும் இருக்காது. எங்கள் குடோனில் கிடக்கும் அடுத்தவர் நூலின் மதிப்பு, பல நேரங்களில், எங்கள் கையிலிருக்கும் பணத்தைவிட அதிகம்.

முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார். "ஏங்கண்ணு, அந்தம்மா ஒருக்கா போனப் போட்டு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமல்ல?"

"கேக்கறதுக்குச் சங்கடப்பட்டிருப்பாங்கய்யா."

"அதென்ன சங்கடம்? யாருன்னு கேக்கறதுக்கு?"

அவருக்கு அது புரியாது. சாமளாபுரத்தில் புதிதாக ஓர் ஆள் வந்தால், தண்ணீர் கொடுக்கும்போதே கேள்வியும் சேர்ந்து போகும். "எந்தூருங்க? யாரு வீட்டுப் பையனுங்க?" வாய்நிறைய 'ங்க' போட்டுக் கேட்பதால் அது விசாரணையாகவே தெரியாது, உபசாரத்தில் ஒரு பகுதியாகப் போய்விடும். சோமனூரா, அங்கே எந்தத் தெரு, அந்த சைசிங் மில்லுக்குப் பக்கமா, அப்படியானால் இன்னாரைத் தெரியுமே என்று நாலு கேள்வியில் ஆள் நிறுத்துப் பார்க்கப்பட்டுவிடுவார். தபால் அலுவலகமும் வங்கியும் டி.கே.ஐ.எம்.மும் செய்ய முடியாததை ஒரு சொம்புத் தண்ணீர் செய்துவிடும்.

இதைப் புகழ்ந்து எழுதிக்கொண்டே போக ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வி எதைக் கேட்கிறது என்பது கேட்கிறவருக்கும் தெரியும், கேட்கப்படுகிறவருக்கும் தெரியும். எந்தூரு என்பது எந்தத் தெரு என்றாகி, யாரு வீட்டு என்பது எந்தக் கூட்டம் என்றாகி, பதிலைப் பொறுத்து அடுத்த முறை தண்ணீர் எந்தப் பாத்திரத்தில் வரும் என்பது தீர்மானமாகும். சொம்புத் தண்ணீரின் சரிபார்ப்பில் பாதி சாதி. எங்களோடு வேலை பார்த்த ஒருவர், ஊரில் எந்த உற்பத்தியாளரும் நம்பி ஒரு பாவு நூல் கொடுத்திராத குடும்பத்துப் பையன், இன்றைக்குச் சொந்தமாகச் சின்ன அளவில் ஏற்றுமதி செய்கிறார். முதல் ஆர்டரை மெயிலிலேயே பிடித்தார். "அண்ணா, அந்த ஊர்க்காரன் எங்கிட்ட யாரு வீட்டுப் பையன்னு கேக்கலீங்க. விலை என்னன்னு மட்டும்தான் கேட்டான்" என்று என்னிடம் சொன்னார். யாரென்று கேட்காத அந்த வாசல்தான் அவருக்குத் திறந்தது. எங்கள் திருடன் நுழைந்ததும் அதே வாசல்தான். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்குக் கோபம் முழுதாக வரமாட்டேன் என்கிறது.

முகம் தெரிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுகிறதா என்றால், அதுவும் இல்லை. 2021 நவம்பரில் கூலிக்கு நெய்யும் தறிக்காரர்களுக்கும் உற்பத்தியாளர்களுக்கும் அமைச்சர்கள் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்து, சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதமும் மற்ற ரகங்களுக்கு 20 சதவீதமும் கூலி உயர்வு என்று அறிவித்தார்கள். அறிவித்தபடி கிடைக்கவில்லை. அடுத்த ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகள் வேலைநிறுத்தத்தில் நின்றன. மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒருவரை ஒருவர் தலைமுறையாகத் தெரியும். யாரு வீட்டுப் பையன் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. பேச்சு ஒப்பந்தம் வேண்டாம், கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று தறிக்காரர்கள் கேட்டது அடையாளத்தில் சந்தேகம் வந்ததால் இல்லை.

கம்பராமாயணத்தில் இந்தச் சங்கடம் இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த கணையாழி. சீதை ஏற்கெனவே ஒரு சந்நியாசி வேடத்தை நம்பிக் கெட்டவள், குரங்கு வந்து ராமதூதன் என்றால் எப்படி நம்புவாள்? மோதிரம் கொடுத்தார்கள் என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். மோதிரம் பொருள், திருடலாம். கம்பனின் ராமன் அதற்கு முன்பே, நாட விட்ட படலத்தில், தனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த சில பேச்சுகளை அனுமனிடம் சொல்லி அனுப்புகிறான். அதில் ஒன்று, காட்டுக்குக் கிளம்பிய அன்று, நகர வாசலைத் தாண்டு முன்னேயே, காடு எங்கே என்று அவள் கேட்டது. அரண்மனையில் வளர்ந்தவளின் அறியாமை. எந்த ஒற்றனும் குறித்துக்கொள்ளத் தகுந்த செய்தி இல்லை அது. அதனால்தான் அது சாட்சியாகிறது.

மற்றது யுத்த காண்டத்து மாயா சனகப் படலம். மருத்தன் என்ற அரக்கன் சனகனாக உருமாறி வந்து, ராவணனுக்கு இணங்கு என்று சீதையிடம் சொல்கிறான். முகம் தந்தை முகம், குரல் தந்தை குரல். அவள் நம்பிவிடுகிறாள், அவன் சிறைப்பட்டு வந்ததற்காக அழுகிறாள். உருவத்தைச் சோதித்து அவள் கண்டுபிடிக்கவே இல்லை. அவன் அரக்கன் என்று பிறகு திரிசடைதான் சொல்கிறாள். ஆனாலும் சீதை ஏமாறவில்லை. தந்தையே ஆனாலும் இந்தச் சொல்லைக் கேட்கமாட்டேன் என்று சினந்து மறுத்துவிடுகிறாள். பையர் அம்மாவிடம் இதைச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால், வந்தவன் யார் என்று கண்டுபிடிக்க முடியாமல் போனது உங்கள் குற்றமில்லை, பணம் போகும் இடத்தை மாற்றச் சொன்னால் சனகனே சொன்னாலும் ஒருமுறை நிறுத்திக் கேட்டிருக்கலாம் என்று சொல்லியிருப்பேன்.

முகமும் இப்போது உருமாறுகிறது. 2024இல் ஆரப் என்ற பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் ஒருவர் வீடியோ மீட்டிங்கில் உட்கார்ந்தார். திரையில் மேலதிகாரியும் சக ஊழியர்களும் இருந்தார்கள். அவர் ஒருவரைத் தவிர மற்ற முகமெல்லாம் செயற்கையாகச் செய்யப்பட்டவை. 20 கோடி ஹாங்காங் டாலர் போனது. மருத்தன்கள் மலிந்துவிட்டார்கள்.

எனக்கு அதைவிட வருத்தமான இன்னொன்று உண்டு. மடிக்கும் இடத்தில் கோராவை விரித்தால் எங்கய்யன் கரையைத் தடவிப் பார்த்துவிட்டு, இது நம்ம தறி இல்லை என்பார். ஒருவர் தறியில் கரை இறுகும், இன்னொருவர் தறியில் லேசாகச் சுருளும். எழுத்துக்கும் அப்படி ஒரு கரை இருந்தது. மெர்ச்சண்டைசரின் 'டியர் சார்', 'டூ தி நீட்ஃபுல்', தேவையில்லாத இடத்தில் வரும் மூன்று புள்ளி. அந்தக் கரையை யாராவது ஒருமுறை தடவிப் பார்த்திருந்தால் எங்கள் பணம் தப்பியிருக்கும். இன்றைக்கு அவர் எல்லா மெயிலையும் சாட்ஜிபிடியில் போட்டுத் திருத்தி வாங்கித்தான் அனுப்புகிறார். அருமையான ஆங்கிலம். திருடனும் அங்கேதான் திருத்தி வாங்குவான். இரண்டு துணியையும் அருகருகே போட்டால் கரை ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வங்கி விவரத்தில் ஓர் எழுத்து மாறினாலும் பழைய எண்ணில் கூப்பிட்டுக் கேட்பது என்று இரண்டு பக்கமும் பேசி வைத்தோம். மெயிலில் வரும் எண்ணில் கூப்பிடக் கூடாது, அது திருடனுடைய எண்ணாக இருக்கும். அடுத்த வருடம் எங்கள் முதலாளி உண்மையாகவே வங்கியை மாற்றினார். தகவல் அனுப்பிய அன்று மாலையே எனக்கு போன் வந்தது. அந்த அம்மாதான். குரல் கொஞ்சம் தயங்கியது.

"தவறாக நினைக்காதீர்கள். ஒரு கேள்வி கேட்கவேண்டும்."

கேளுங்கள் என்றேன்.

"உங்கள் ஊர் எது?"

சொன்னேன். உடனே அவரே சிரித்துவிட்டார். "இல்லை, இது உதவாது. இணையத்தில் தேடினாலே வந்துவிடும்." அவர் ஏற்கெனவே தேடியிருந்தார் போலிருக்கிறது. 2017 ஏப்ரலில் மதுக்கடை வேண்டாம் என்று சாலையில் நின்ற ஒரு பெண்ணைக் காவல்துறை அதிகாரி அறைந்த காணொளி, அதைத்தான் எங்கள் ஊர்ப் பெயரோடு உலகம் சேர்த்து வைத்திருக்கிறது. நொய்யலும் குளமும் தறியும் அதற்கு அப்புறம்தான்.

சற்று யோசித்துவிட்டுக் கேட்டார். "நான் ஒருமுறை உங்கள் வீட்டுக்கு வந்தேனே. அப்போது நான் என்ன கேட்டேன்?"

பின்னலாடையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், நெசவைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி வந்திருந்தார். பன்னிரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன, ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. திடீரென்று கரண்டு போய், அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றது. எங்கய்யன் வெளியே போய் வானத்தைப் பார்த்தார். அந்தச் சத்தமின்மையில் இந்த அம்மா பயந்துபோய் என்னிடம் கேட்டார்.

"எதையாவது தொட்டுவிட்டேனா என்று கேட்டீர்கள்" என்றேன்.

அந்தப் பக்கம் சிறிது நேரம் பேச்சு இல்லை. பிறகு, "சரி. கணக்கு எண்ணைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றார்.